ஆலிஸ் ஷெப்பர்டின் நடனம்: சாய்தளம் என்பது உள்ளே போவதற்கான வழி மட்டும்தானா?

நாலுசக்கரம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நடனம் பற்றி வரும் இழைகளை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன், நானாக ஒன்றைத் தொடங்குவது இதுதான் முதல் முறை. ஆறு வருடமாக வீல்சேரில் இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எழுதப்போவது அங்கிருந்துதான் வருகிறது.

ஆலிஸ் ஷெப்பர்ட் என்று ஒரு நடன அமைப்பாளர். பிறந்தது இங்கிலாந்து, வேலை பார்ப்பது அமெரிக்காவில். முன்பு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடைக்கால ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 2004-ல் ஒரு மாநாட்டில் ஹோமர் அவிலாவின் ஆட்டத்தைப் பார்க்கிறார். அவிலா புற்றுநோயால் ஒரு காலை இடுப்போடு இழந்து, அதன் பிறகும் ஒற்றைக்காலில் ஆடியவர். ஆட்டம் முடிந்து பேசிக்கொண்டிருக்கும்போது 'நீ ஒரு நடன வகுப்புக்குப் போய்த்தான் பாரேன்' என்று ஷெப்பர்டிடம் சவால் விட்டிருக்கிறார். அந்த வருடமே அவிலா இறந்துவிட்டார், சவால் மட்டும் ஷெப்பர்டிடம் தங்கிவிட்டது. வகுப்புக்குப் போனவர் கடைசியில் நிரந்தரப் பேராசிரியர் வேலையையே விட்டுவிட்டு, ஓக்லாந்தின் ஆக்சிஸ் நடனக் குழுவில் ஆடி, 2016-ல் கைனெட்டிக் லைட் என்ற சொந்தக் குழுவைத் தொடங்கினார். கூடவே லாரல் லாசன் என்ற நடனக் கலைஞர், மைக்கேல் மாக் என்ற ஒளி வடிவமைப்பாளர். மூவருமே வீல்சேர்க்காரர்கள்.

நான் பேச வந்தது அவர்களுடைய 'டிசென்ட்' பற்றி. இறக்கம் என்று பெயரை வைத்துக்கொள்ளலாம். 2018 மார்ச்சில் நியூயார்க் லைவ் ஆர்ட்ஸ் அரங்கில் ஆடினார்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் செய்த ஒரு சிற்பத்தில் காதல் தெய்வமான வீனஸும் ஆண்ட்ரோமீடாவும் சேர்ந்து இருப்பார்கள். கிரேக்கக் கதையில் ஆண்ட்ரோமீடா பாறையில் சங்கிலியால் கட்டப்பட்டவள். ஷெப்பர்ட் அவளாகவும் லாசன் வீனஸாகவும் வந்து, அந்த இரண்டு பெண்களையும் காதலர்களாக ஆக்கிவிடுகிறார்கள். மேடையில் சமதரை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மேடும் வளைவும் உச்சியுமாக ஒரு பெரிய மரச் சாய்தளம். வடிவமைப்பாளர் சாரா ஹெண்ட்ரனும் மாசசூசெட்ஸில் உள்ள ஓலின் பொறியியல் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து வடிவமைத்தது.

சாய்தளம் என்றால் எனக்கு என்ன தெரியும்? பேங்க் வாசல், ஆஸ்பத்திரியின் பின்பக்கம், குப்பைத்தொட்டிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் ஒன்று. 1-க்கு 12 என்று கணக்கு, அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம். அதைக்கூட யாரும் மதிப்பதில்லை. எங்கள் ஊரில் பாதி சாய்தளங்கள் பைக் ஏற்றுவதற்காகக் கட்டியவை. இத்தனை வருடமும் அந்தச் சரிவை உள்ளே போவதற்கு ஒரு வழி என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். ஷெப்பர்ட் அதன் மேல் மல்லாந்து கிடக்கிறார், உருள்கிறார், உச்சி வரை தள்ளிப்போய்க் கையை விட்டுவிடுகிறார். நாற்காலியோடு உடம்பைப் பெல்ட் போட்டுக் கட்டியிருப்பதால் விழுவதும் எழுவதும் நாற்காலியோடுதான். ஒரு கட்டத்தில் ஷெப்பர்ட் கீழே கிடந்தபடி லாசனை அப்படியே தூக்கிப் பிடிக்கிறார், லாசன் இரண்டு கையையும் விரித்துக் காற்றில் நிற்கிறார், நாற்காலியின் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. துண்டு வீடியோவில் அந்தச் சக்கரத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அணுகல் வசதி என்றால் கட்டி முடித்த பிறகு ஓரத்தில் ஒட்டவைப்பது என்றே எல்லோரும் நினைக்கிறோம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இவர்களிடம் அதுதான் முதல் செங்கல். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஈரமண்

நீங்கள் சொன்ன துண்டு வீடியோவைத் தேடிப் பார்த்தேன் சகோதரி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை கால் எல்லாம் நன்றாக இருந்தும் நாம் எதற்கெல்லாம் சலித்துக்கொள்கிறோம். அவர்களுடைய மன உறுதிக்குத் தலைவணங்குகிறேன்.

நாலுசக்கரம்

@ஈரமண், நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் இருவருக்கும் அதே வீடியோதான், ஆனால் நான் பார்த்தது மன உறுதியை இல்லை. சரிவின் ஓரத்தில் எடையை எந்தப் பக்கம் போடுகிறார், எந்த நொடியில் கையை எடுக்கிறார், அதைத்தான் பார்த்தேன். ஒரு நல்ல மிருதங்கக்காரரைக் கேட்டுவிட்டு 'பாவம், எவ்வளவு உறுதி' என்று யாரும் சொல்வதில்லையே. கணக்கு எங்கே முடிந்தது, முத்தாய்ப்பான மோரா எப்படி விழுந்தது என்றுதானே பேசுவோம். ஷெப்பர்ட் பேட்டிகளிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: உடற்குறை என்பது இல்லாத ஒன்றின் பெயர் கிடையாது, அதற்கென்று ஓர் அழகியலும் வரலாறும் பண்பாடும் இருக்கின்றன, என்னை அங்கிருந்து பாருங்கள்.

கண்ணீர் தப்பு என்று சொல்ல மாட்டேன். நானும் அழுதேன். காரணம்தான் வேறு.

ஈரமண்

புரிகிறது. யோசிக்க வேண்டிய விஷயம். மறுபடி பார்க்கிறேன்.

அரைமண்டி

22 வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரையும் புண்படுத்த இல்லை.

எங்கள் கலையில் உடம்புக்கு ஒரு கணிதம் இருக்கிறது. அரைமண்டி உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் வெளியே திரும்பி ஒரு வடிவம் உருவாகும், அந்த வடிவத்திலிருந்துதான் தட்டடவு, நாட்டடவு என்ற அடிப்படை அசைவுகள் எல்லாம் பிறக்கின்றன. பாதம் தரையில் விழும் சத்தத்தை வைத்தே பிள்ளை ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறாளா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அந்தக் காலே இல்லாதபோது மிஞ்சுவது என்ன? கையும் முகமுமா? அது அபிநயம், முழு நாட்டியம் ஆகாது. எல்லாருக்கும் எல்லாம் என்று சொல்லிச் சொல்லி வடிவத்தைத் தளர்த்திக்கொண்டே போனால் கடைசியில் வடிவமே இருக்காது என்று எனக்குப் பயம்.

நம்மிடமும் உதாரணம் இருக்கிறது. சுதா சந்திரன். 1981 விபத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் கால் பொருத்தி, மறுபடி பயிற்சி எடுத்து 1984-ல் மேடை ஏறினார். அவர் வடிவத்தை விட்டுக்கொடுக்கவில்லை. நான் மதிக்கும் சாதனை அது.

நாலுசக்கரம்

டீச்சர், உங்கள் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல இரண்டு நாள் யோசித்தேன்.

சுதா சந்திரனை நானும் மதிக்கிறேன். அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். வடிவம் ஏற்கனவே இருந்தது, அவர் தன் உடம்பை வலியோடு அதற்குள் திரும்பக் கொண்டுபோனார். செயற்கைக் கால் எது, சொந்தக் கால் எது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போவதுதான் அதன் வெற்றி. ஷெப்பர்ட் போவது நேர் எதிர்த் திசையில். நாற்காலியை மறைப்பதே இல்லை, நாற்காலியும் ஊன்றுகோலும் குறையை ஈடுகட்டும் கருவிகள் என்பதையே அவர் ஏற்பதில்லை. அதுவும் தன் உடம்பு என்கிறார். அப்படியென்றால் இந்த உடம்புக்கு என்ன கணிதம்? அதைத்தான் தேடுகிறார். பாலேயை நாற்காலியில் உட்கார்ந்து ஆடுவது அவர் நோக்கமே இல்லை.

நான் தினமும் அனுபவிப்பதை வைத்துச் சொல்கிறேன். நடக்கிறவர்களின் தலை ஒவ்வோர் அடிக்கும் லேசாக ஏறி இறங்கும், கவனித்திருப்பீர்கள். சக்கரத்தில் அது கிடையாது. தோளும் கழுத்தும் அசையாமல், உடம்பு முழுக்க ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு வழுக்கிக்கொண்டு போகலாம். நாலு எட்டில் போகிற தூரத்தை ஒரே தள்ளில் போகலாம். அப்புறம் ஓரம் சரிந்த ரோட்டில் போனால் நாற்காலி தானாகப் பள்ளத்துப் பக்கம் மூக்கைத் திருப்பும், நேராகப் போக வேண்டுமென்றால் பள்ளத்துப் பக்கக் கை கூடுதலாகத் தள்ள வேண்டும். எனக்கு அது தினசரித் தொல்லை. மார்க்கெட் ரோட்டில் வலது தோள்பட்டை போய்விடும். டிசென்டில் அதே இழுப்புத்தான் ஆட்டத்தின் வளைவு. சரிவில் குறுக்கே போகிறார்கள், நாற்காலி பள்ளத்துப் பக்கம் திரும்ப முயல்கிறது, எந்த இடத்தில் அதைத் திரும்ப விடுவது என்பதில்தான் லயம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அரைமண்டியில் எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அதே மாதிரி, இவர்கள் சரிவின் பாதியில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கை நடுங்குவது தெரியும்.

வடிவம் தளரவில்லை டீச்சர். இது வேறொரு வடிவம், இதிலும் தப்பும் சரியும் இருக்கிறது.

அரைமண்டி

சரிவின் பாதியில் நிற்பது என்று சொன்னீர்களே, அது எனக்குப் புரிந்தது. மற்றதை யோசிக்கிறேன் அம்மா.

கருங்குயில்

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்க்ரீன் ரீடரில் இந்த இழை முழுக்கக் கேட்டேன். அரைமண்டி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பாதத்தின் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பேன் என்றாரே, அதைக் கேட்டதும் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. நான் பரதம் 'பார்ப்பது' அப்படித்தான்.

சின்ன வயதில் என் அக்கா நடன வகுப்புக்குப் போவாள், நான் துணைக்குப் போய் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். தட்டுக்கழியும், வாயால் சொல்லும் சொற்கட்டும், பன்னிரண்டு பிள்ளைகளின் பாதமும் சேர்ந்து கேட்கும். வேகமான மூன்றாம் காலம் வந்ததும் யார் பின்தங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். ஜதியும் சலங்கையும் இருக்கும்வரை நான் ஆட்டத்துக்குள்ளேயே இருப்பேன். அபிநயத்துக்கான பதம் ஆரம்பித்ததும் கால் சத்தம் நின்றுவிடும், பாட்டு மட்டும் கேட்கும், சுற்றி இருக்கிறவர்கள் 'ஆகா' என்பார்கள். எதற்கு ஆகா என்று எனக்குத் தெரியாது. அக்கா பக்கத்தில் இருந்தால் காதில் சொல்வாள். 'இப்போ கோபமா முகத்தைத் திருப்பிக்கிட்டா', அவ்வளவுதான், அதற்குள் அடுத்தது போய்விடும்.

ஒரு தடவை வெளியூரில் ஒலி விவரணையோடு ஒரு நவீன நடனம் கேட்டேன், எந்த அரங்கு என்று சொல்ல விரும்பவில்லை. ஹெட்போனில் ஒரு குரல். 'வலது கையை உயர்த்துகிறார். இடப்பக்கம் திரும்புகிறார். மூன்று பேர் ஓடுகிறார்கள்.' ஒரு மணி நேரம். வெளியே வந்தபோது போக்குவரத்து போலீஸ்காரர் வேலையைக் கேட்டுவிட்டு வந்த மாதிரி இருந்தது. தகவல் எல்லாம் வந்தது, நடனம் வரவில்லை. அதற்காக உழைத்தவர்களைக் குறை சொல்லவில்லை, கடைசி வாரத்தில் கூப்பிட்டு ஒரு குரலைச் சேர்க்கச் சொன்னால் அதுதான் வரும்.

கைனெட்டிக் லைட் பற்றி நான் முதலில் கேள்விப்பட்டது அவர்களின் ஆடிமான்ஸ் என்ற செயலி வழியாகத்தான். லாரல் லாசன் நடனக் கலைஞர் மட்டும் இல்லை, தொழில்நுட்பம் தெரிந்தவர், அதை முன்னின்று உருவாக்கியவர் அவர். அதில் ஒரே குரல் இல்லை. பல தடங்கள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்றில் என்ன நடக்கிறது என்ற நேரடி விவரிப்பு, ஒன்றில் கவிதையாக எழுதியது, ஒன்றில் சக்கரம் மரத்தில் உரசும் சத்தம், மூச்சு. எதைக் கேட்பது, எப்போது மாறுவது என்பதைக் கேட்கிறவர் தீர்மானிக்கிறார். கண் தெரிந்தவர்கள் மேடையில் எங்கே பார்ப்பது என்று அவர்களாகத்தானே முடிவு செய்கிறார்கள், யாராவது தாடையைப் பிடித்துத் திருப்பி 'இதைப் பார்' என்கிறார்களா? எனக்கு அந்தச் சுதந்திரம் இதுவரை எந்த அரங்கிலும் கிடைத்ததில்லை.

விசைப்பலகை

கருங்குயில், ஒரு தொழில்நுட்பச் சந்தேகம். மென்பொருள் துறையில் இருக்கிறேன். பல தடங்கள் ஒரே நேரத்தில் ஓடினால் காதுக்குக் குழப்பமாக இருக்காதா? நான் எழுதினால் ஒன்றை மட்டும் ஓடவிட்டு மற்றதை நிறுத்திவைப்பேன்.

கருங்குயில்

கல்யாண வீட்டில் நிற்கிறீர்கள். நாதஸ்வரம் ஒரு பக்கம், பந்தியில் சாம்பார் வாளி சத்தம், பின்னால் இரண்டு பெரியம்மாக்கள் பெண் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். எல்லாம் கேட்கிறது, ஆனால் எதை நோக்கிக் காதைத் திருப்பலாம் என்பது உங்கள் கையில். குழப்பமா அது? நிறைவாக இருக்கும். ஒரே ஒரு குரலை மட்டும் காதில் அடைத்தால்தான் அறைக்குள் பூட்டிவைத்த மாதிரி இருக்கும்.

ஹட்சன்கரை

நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். அவர்களின் அடுத்த பெரிய படைப்பான 'வயர்டு' நிகழ்ச்சியை 2022 ஆகஸ்டில் நியூயார்க்கின் 'தி ஷெட்' அரங்கில் நேரில் பார்த்தேன், அதனால் எழுதுகிறேன். அதற்கு முன் மே மாதம் சிகாகோவில் ஆடியிருந்தார்கள்.

அது முள்கம்பி பற்றியது. வீட்டு வேலிக்குப் போடுகிற அதே முள்கம்பிதான். மெல்வின் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினச் சிற்பி முள்கம்பியில் செய்த படைப்பு ஒன்றை நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றில் ஷெப்பர்ட் பார்த்ததில் இருந்து பிறந்தது. அமெரிக்காவில் முள்கம்பிக்கு ஒரு வரலாறு உண்டு, 1874-ல் இல்லினாயைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் காப்புரிமை வாங்கினார், அதன் பிறகு திறந்த புல்வெளி எல்லாம் வேலியாகிப் போனது, யார் உள்ளே யார் வெளியே என்பதைக் கம்பி முடிவு செய்தது. மேடையில் கம்பி இரண்டு விதமாக வருகிறது, குத்துகிற முள்கம்பியாக ஒன்று, ஆட்களைத் தூக்கிப் பறக்கவிடும் கம்பியாக இன்னொன்று. ஷெப்பர்ட், லாசன், ஜெரன் ஹெர்மன் என்று மூன்று பேர். ஹெர்மனுக்குப் பெருமூளை வாதம், அவர் நாற்காலி இல்லாமல் ஆடுபவர். மற்ற இருவரும் நாற்காலியோடே தரையை விட்டு மேலே போகிறார்கள்.

முதல் தடவை சக்கரம் தரையை விட்டதும் என் பக்கத்தில் இருந்தவர் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. சக்கரம் என்பது தரைக்கானது என்று அதுவரை நானும் நினைத்திருந்தேன் போல.

ஆடிமான்ஸை நானும் போனில் போட்டு, பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கண்ணை மூடிக் கேட்டதும் திறந்து பார்த்ததும் ஒன்றாக இல்லை. ஒன்றின் நகல் இன்னொன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து மனைவியிடம் சொன்னபோது நான் இரண்டு நிகழ்ச்சி பார்த்துவிட்டு வந்த மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

கைமொழி

என் அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது. வீட்டில் சைகை மொழிதான் எனக்குத் தாய்மொழி, தமிழ் தெருவில் கற்றது. புலன் என்று வரும்போது இன்னொருவரையும் சேர்க்க வேண்டும், லண்டனில் இருக்கும் சிசாட்டோ மினாமிமுரா. ஜப்பானில் பிறந்தவர், காது கேளாதவர், நடன அமைப்பாளர். அவருடைய 'ஸ்கோர்ட் இன் சைலன்ஸ்' 1945-ல் ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் உயிர்பிழைத்த காது கேளாதவர்களைப் பற்றியது. குண்டு சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை. சைரன் கேட்கவில்லை. பிறகு என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்லவும் யாரும் இல்லை. அவர்களை நேரில் சந்தித்துப் பேசி அதை ஆட்டமாக்கினார். மெல்லிய திரையில் விழும் அசைபடத்துக்கு நடுவில் தனியாக நின்று சைகையும் அசைவுமாகச் சொல்கிறார், பார்வையாளர்களுக்கு உடம்பில் கட்டிக்கொள்ள அதிர்வுப் பட்டை கொடுக்கிறார்கள். இசை அதன் வழியாக உடம்புக்குள் வருகிறது.

இதைப் படித்ததும் எனக்கு அம்மா ஞாபகம்தான். ஊர்த் திருவிழாவில் பறை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பார். நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார். காது கேட்காதவளுக்கு அங்கே என்ன வேலை என்று உறவுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் ஒருவருக்கும் அம்மாவுக்குத் தெரிந்த அளவு அந்த அடி தெரியாது.

பவளமல்லி

என் மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். கலை நிகழ்ச்சி என்று எங்கேயாவது போனால் பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுவோம், வரும்போது பின்னால் 'பிள்ளையை அடக்கத் தெரியாதவள் எதுக்குக் கூட்டிட்டு வரணும்' என்று யாராவது சொல்வது கேட்கும். கைத்தட்டல் அவனுக்குத் தாங்காது, சட்டென்று விளக்கு அணைந்தால் தாங்காது. ஆனால் அசைவு பிடிக்கும். மின்விசிறியை ஒரு மணி நேரம் பார்ப்பான், விசிறியோடு சேர்ந்து விரலை ஆட்டுவான். அந்த விரலாட்டத்தை நிறுத்தச் சொல்லித்தான் பயிற்சி கொடுத்தார்கள். இந்த இழையைப் படித்த பிறகு நேற்று நானும் உட்கார்ந்து அவனோடு சேர்ந்து விரலை ஆட்டினேன். என் முகத்தைப் பார்த்தான். அவனாகப் பார்ப்பது அபூர்வம்.

வெளிநாடுகளில் இந்தப் பிள்ளைகளுக்காகத் தளர்வான காட்சி என்று நடத்துகிறார்களாமே, யாருக்காவது தெரியுமா?

ஹட்சன்கரை

தெரியும் அக்கா. விளக்கை முழுக்க அணைக்க மாட்டார்கள், திடீர்ச் சத்தங்களைக் குறைத்துவிடுவார்கள், கதவு திறந்தே இருக்கும், எழுந்து போகலாம், திரும்ப வரலாம், சத்தம் போட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தனியாக ஓர் அமைதி அறையும் இருக்கும். பார்வையாளர்கள் எங்கே, எப்படி உட்கார்வது என்பதையே மாற்றிப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், கிளாஸ்கோவின் கிளேர் கன்னிங்ஹாம், அவரைப் பற்றியும் தேடிப் பாருங்கள். அவர் ஊன்றுகோலோடு ஆடுபவர். ஜெஸ் கர்டிஸ் என்பவரோடு சேர்ந்து 2016-ல் செய்த ஒரு படைப்பில் பார்வையாளர்கள் மேடை மேலேயே, ஆடுபவர்களுக்கு நடுவில் அங்கங்கே உட்கார்ந்திருப்பார்கள். புலனுணர்வு பற்றி எழுதும் ஆல்வா நோயே என்ற தத்துவவாதியும் அதில் பங்கெடுத்தார். ஊன்றுகோலில் நடப்பவர் எந்நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறார், ஈரமா, கல்லா, சறுக்குமா என்று. அந்தப் பார்வையே உலகத்தை வேறு மாதிரி காட்டுகிறது என்பதில் இருந்து ஆட்டத்தைக் கட்டுகிறார்கள்.

விசைப்பலகை

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் பணம்? பல தட ஒலி, பறக்கும் கம்பி, தனிச் சாய்தளம், இதெல்லாம் அமெரிக்க அறக்கட்டளை நிதியில் நடப்பவை. இங்கே சபாவில் மைக் சரியாக வேலை செய்தாலே பெரிய விஷயம். மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் வரை போக மரப்பாதை போட்டார்கள், 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள், டிசம்பரில் மாண்டஸ் புயலில் சேதமாகிவிட்டது.

நாலுசக்கரம்

சேதமானதைச் சரிசெய்து மறுபடி திறந்தார்கள் தம்பி, அதையும் சொல்லுங்கள். நான் போனேன். அந்தப் பாதை எந்த ஆபீசுக்கும் போகவில்லை, எந்தக் கவுண்டருக்கும் போகவில்லை. அலை பார்க்கப் போகிறது, அவ்வளவுதான். எனக்காக ஒரு சாய்தளத்தை வெறும் சந்தோஷத்துக்காகப் போட்டது அதுதான் முதல் தடவை. மரத்தில் சக்கரம் போகும்போது கடகடவென்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டுக்கொண்டே கடைசி வரை போய்விட்டுத் திரும்பி வந்து, மறுபடி போனேன். அன்றைக்குத்தான் டிசென்ட் எனக்கு உடம்பில் புரிந்தது.

பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் பணம் இல்லாததால்தான் எல்லாம் நின்றுபோகிறது என்று நான் நம்பவில்லை. சென்ற வருடம் ஓர் ஊரில் ஒரு நாட்டிய நிகழ்ச்சிக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஒன்பது படி. அமைப்பாளர்கள் அன்பானவர்கள்தான், நாலு பேர் வந்து நாற்காலியோடு என்னைத் தூக்கினார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் கைகூட தட்டினார். இடைவேளையில் பாத்ரூம் போக மறுபடி நாலு பேரைக் கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் தண்ணீரே குடிக்கவில்லை. அன்றைக்கு ஆடிய பெண் பிரமாதமாக ஆடினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது தாகம்தான். பலகை என்ன விலை? முதலிலேயே யோசித்திருந்தால் ஒரு தச்சரை ஒரு நாள் வைத்திருந்தால் போதும்.

கருங்குயில்

அக்கா சொன்னதோடு ஒன்று. என் அக்கா காதில் சொன்னாளே, அதற்கு என்ன செலவு? டீச்சர், பதம் சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகளிடம் 'இப்போ அவள் கோபமா இருக்கா, ஆனா உள்ளுக்குள்ள அவன் வரணும்னு ஆசை' என்றெல்லாம் சொல்வீர்கள் இல்லையா? வகுப்பில் சொல்வதை அப்படியே போனில் பதிவு செய்து கொடுத்தால் எனக்கு அதுவே ஒரு தடம். சொற்கட்டு ஒரு தடம். சலங்கை ஒரு தடம். உங்களிடம் மூன்று தடம் ஏற்கனவே இருக்கிறது.

அரைமண்டி

நான்கு நாளாக எழுதாமல் இருந்தேன், படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கருங்குயில் திண்ணையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் வகுப்புக்கும் திண்ணை உண்டு. அதில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். என் மாணவி ஒருத்தியின் தங்கை, வீல்சேரில் வருவாள், பதினோரு வயது. மூன்று வருடமாக வாசலிலேயே இருக்கிறாள். அம்மா வந்து கூட்டிப்போகும்வரை கையால் நாற்காலியின் பிடியில் தாளம் போட்டுக்கொண்டிருப்பாள், சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று ஒரு தடவை நானே நிறுத்தச் சொன்னேன். காலப்பிரமாணம் தப்பாமல் போடுவாள் என்பது அப்போதே காதில் விழுந்தது, ஆனாலும் நிறுத்தச் சொன்னேன்.

வடிவம் பற்றி என் கருத்து முழுக்க மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பரதம் என்று எதைச் சொல்வது என்பதில் எனக்கு இன்னும் கேள்வி இருக்கிறது. ஆனால் நேற்று அவளை உள்ளே வரச் சொன்னேன். வாசலில் இரண்டு படி. அவள் அப்பாவும் நானும் தூக்கினோம், நாலுசக்கரம் எழுதியது ஞாபகம் வந்து எனக்குக் கஷ்டமாக இருந்தது. வரும் ஞாயிறு முதல் வரச் சொல்லியிருக்கிறேன். பலகை போடலாம் என்று பார்க்கிறேன். எப்படிப் போடுவது?

நாலுசக்கரம்

டீச்சர்!! படி ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம்? ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள், கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

அரைமண்டி

அளந்தேன். ஒன்று 7 அங்குலம், இன்னொன்று 6.

நாலுசக்கரம்

மொத்தம் 13. அப்படியென்றால் பலகை 13 அடி நீளம் வேண்டும். குறைத்தால் அவளால் தனியாக ஏற முடியாது, யாராவது பின்னாலிருந்து தள்ள வேண்டிவரும். அகலம் நாலடி. இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு சட்டம் அடிக்கச் சொல்லுங்கள், சக்கரம் வெளியே போகாது. வழவழப்பான பலகை வேண்டாம்.

அரைமண்டி

13 அடி போட்டால் தெருவுக்குள் போய்விடுமே அம்மா. வாசலிலிருந்து தெரு எட்டடிதான்.

விசைப்பலகை

நேராகப் போடாதீர்கள் டீச்சர், சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் போடலாம். மேலே படிக்கு முன்னால் திரும்புவதற்கு ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விடுங்கள். வாசலை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் வரைந்து தருகிறேன். சனிக்கிழமை நேரில் வரவும் முடியும்.

கருங்குயில்

போட்டோ போடும்போது அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள், நானும் பார்க்க வேண்டும்.

அரைமண்டி

சரி, எழுதுகிறேன். போட்டோவில் இருப்பது: பச்சை மரக்கதவு, இரண்டு சிமெண்ட் படி, கீழ்ப்படியின் இடது மூலை உடைந்திருக்கிறது. வலது பக்கம் சுவரை ஒட்டி ஒரு செம்பருத்தி, 16 அடி வரை இடம் இருக்கிறது. செம்பருத்தியை நகர்த்திக்கொள்ளலாம். திண்ணையில் ஒரு சலங்கை கிடக்கிறது, அதை எடுத்துவைக்க மறந்துவிட்டேன்.